மெர்சிங் கடற்காற்றும் நம் ஊர் மழையும்: வாசகர் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள குளுவாங் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் சுற்றியுள்ள சிறு பட்டணங்களிலிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழையையும் காற்றையும் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பகுதி முழுவதையும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கே தந்திருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்கள் ஒரே கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, டிசம்பர் மாதத்தில் தென் சீனக் கடலில் பலத்த காற்று வீசும் என்று வானொலியில் எச்சரிக்கை சொல்கிறார்கள். ஓரிரு நாளில் எங்கள் தோட்டத்தில் விடாமழை பிடித்துக்கொள்கிறது. கடலில் வீசும் காற்றுக்கும் எங்கள் ஊர் மழைக்கும் தொடர்பு உண்டா? நம் நாட்டில் குளிர்காலமே இல்லையே, பிறகு ஏன் இதைக் குளிர்காலப் புயல் என்கிறார்கள்? (கஹாங் வாசகர்)

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கில் அலையை எழுப்புவதும் கஹாங்கில் மழையைக் கொட்டுவதும் ஒரே காற்றுதான்.

நமக்குக் குளிர்காலம் இல்லை என்பது உண்மை. ஆனால் நம் மழையைத் தொடக்கி வைப்பது சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் நிலவும் குளிர்காலம். நவம்பர் முதல் அங்கே பகற்பொழுது சுருங்கி, பனி மூடிய நிலம் வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், தரையை ஒட்டிய காற்று கடுங்குளிரடைந்து, அடர்த்தி கூடி, பல நாட்கள் அங்கேயே தேங்குகிறது. அப்போது அங்குள்ள காற்றழுத்தம் 1,040 ஹெக்டோபாஸ்கலைத் தாண்டுவது சாதாரணம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியிலோ அது ஏறத்தாழ 1,010 அளவிலேயே இருக்கும். தேங்கிய குளிர்காற்று ஒரு கட்டத்தில் அணை உடைந்தாற்போல் பெருகி, சீன நிலப்பரப்பைக் கடந்து தென் சீனக் கடலில் இறங்குகிறது. பூமியின் சுழற்சி அதனை வலப்புறமாகத் திருப்புவதால், நேர் வடக்கிலிருந்து வராமல் வடகிழக்கிலிருந்து நம்மை நோக்கி வீசுகிறது. ஹாங்காங்கில் திடீரென்று குளிர் கூடியது என்ற செய்தி வந்தால், அடுத்த சில நாட்களில் நம் கிழக்குக் கரையில் காற்று வலுக்கக்கூடும் என்று வானிலை ஆய்வாளர்கள் கவனமாகப் பார்க்கத் தொடங்குவது இதனால்தான்.

கடலில் இறங்கியபோது வறண்டும் குளிர்ந்தும் இருந்த அந்தக் காற்று, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக வெதுவெதுப்பான நீரின் மேல் ஓடி வருகையில் வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. இத்தனை நீண்ட கடற்பரப்பைத் தடையின்றி உழுது வருவதால் அலைகளும் உயர்கின்றன. கரையைத் தொட்டதும் காற்றின் வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்று நிற்காமல் வந்துகொண்டே இருப்பதால், ஒதுங்க வேறு இடமின்றி ஈரக்காற்று மேலெழுகிறது. குன்றுகள் எதிர்ப்படும் இடத்தில் இன்னும் உயரத் தள்ளப்படுகிறது. உங்கள் ஊருக்கு அருகில் 1,010 மீட்டர் உயரமுள்ள பெலுமுட் மலை நிற்பதை நினைத்துப் பாருங்கள். மேலெழுந்த காற்று குளிர்ந்து மேகமாகி மழையாகிறது. இதனுடன், போர்னியோத் தீவின் வடமேற்கே இக்காலத்தில் அடிக்கடி உருவாகும் சுழற்காற்று மண்டலமும் நம் பக்கம் நகர்ந்து வந்து சேர்ந்துகொண்டால், மழை நாள்கணக்கில் நீளும்.

எனவே முதலில் கடலில் காற்றும் அலையும், அடுத்து மழை, அதற்கும் அடுத்து ஆற்றில் வெள்ளம் என்பதே பெரும்பாலும் நாம் காணும் வரிசை. கடலுக்கு விடுக்கப்படும் காற்று எச்சரிக்கை மீனவர்களுக்கு மட்டும் உரியது என்று தோட்டத்தில் இருப்பவர்கள் காதில் வாங்காமல் விடுவது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. மெர்சிங் நமக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே காற்று எழும்பும் நேரம், நாம் ஆயத்தமாவதற்குக் கிடைக்கும் நேரம்.

பேராக்கிலோ சிலாங்கூரிலோ இருக்கும் உங்கள் உறவினர்கள் இதனை இவ்வளவு நேரடியாக உணர்வதில்லை. தீத்திவாங்சா மலைத்தொடர் சுவர்போல் நின்று அவர்களுக்கு வரும் மழையின் பெரும்பகுதியைக் கிழக்கிலேயே தடுத்துவிடுகிறது. அத்தொடர் தெற்கே வரவரத் தாழ்ந்து முடிந்துவிடுவதால், ஜொகூரில் கிழக்குக் கரையில் நுழையும் மழைமேகம் குளுவாங்கைத் தாண்டி, ஆயர் ஈத்தாமைத் தாண்டி, மேற்குக் கரையிலுள்ள பத்து பகாட் வரைக்கும் தடையின்றிச் சென்றுவிடுகிறது.

குளிர்காலப் புயல் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் நமக்கு வருவது பெரும்பாலும் நடுவில் கண் வைத்துச் சுழலும் புயல் அன்று, ஒரே திசையில் நாள்கணக்கில் வீசும் காற்றுப் பெருக்கு. ஒரு பருவத்தில் இத்தகைய பெருக்குகள் சில முறை வந்து போகும். ஒன்று ஓய்ந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. ஜொகூர் மக்கள் இதை 2006 டிசம்பரில் அனுபவித்தார்கள். அப்போது கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங் முதலிய பகுதிகளை மூழ்கடித்த வெள்ளம் வடிந்து, வீடு கழுவிக் குடியேறியவர்கள், 2007 ஜனவரியில் இரண்டாம் முறையாக வெளியேற நேர்ந்தது. இரு வெள்ளங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர்.

கேள்வி: என் மகன் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பிளிமத் நகரில் படிக்கிறான். குளிர்காலப் புயல் வந்து மழையும் சுழன்றடிக்கும் காற்றுமாக இருக்கிறது, இரயில் ஓடவில்லை என்று பேசும்போதெல்லாம் சொல்கிறான். புயலுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்களாம். அங்கே வீசுவதும் நம் பருவக்காற்றும் ஒன்றா? அவனுக்கு நான் என்ன சொல்லி அனுப்புவது? (குளுவாங் வாசகி)

பதில்: அம்மா, இரண்டுக்கும் குளிர்காற்றுதான் தொடக்கம் என்றாலும், அவை வெவ்வேறு வகையானவை. உங்கள் மகன் காண்பது அட்லாண்டிக் பெருங்கடலில் பிறந்து மேற்கிலிருந்து கிழக்காக நகரும் புயல். துருவப் பக்கத்துக் குளிர்காற்றும் தெற்கிலிருந்து வரும் வெப்பக்காற்றும் அக்கடலின் மேல் மோதும் எல்லையில், வானில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மிக விரைவான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. அது தூண்டிவிட, கீழே காற்றழுத்தம் குறைந்த ஒரு மையம் உருவாகிறது. சில வேளைகளில் ஒரே நாளில் 24 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக்கூட அழுத்தம் சரிந்து, புயல் திடீரென்று கடுமையாகிவிடும். நம் மழைக்கு வலுவூட்டுவது வெதுவெதுப்பான கடலின் ஈரம். அங்குள்ள புயலுக்கு வலுவூட்டுவது குளிருக்கும் வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாடு. அதனால்தான் நம் மழை ஒரு வாரம்கூட அகலாமல் நிற்கிறது. அங்கே ஒரு புயல் பெரும்பாலும் ஓரிரு நாளில் கடந்துபோய்விடுகிறது. பின்னாலேயே அடுத்தது வரும்.

காற்றின் வேகத்திலும் பெரிய வேறுபாடு உண்டு. 2022 பிப்ரவரி 18ஆம் நாள் வீசிய யூனிஸ் புயலில், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 196 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு பதிவாயிற்று. இங்கிலாந்தில் பதிவான மிக உயர்ந்த காற்று வீச்சு அதுவே. நம் பருவக்காற்றில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினாலே மிகக் கடுமையான நிலை என்கிறோம். புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கத்தைப் பிரிட்டன், அயர்லாந்து வானிலைத் துறைகள் 2015இல் தொடங்கின. பின்னர் நெதர்லாந்தும் சேர்ந்துகொண்டது. பெயர் இருந்தால் மக்கள் எச்சரிக்கையை எளிதில் நினைவில் வைப்பார்கள் என்பதே நோக்கம். அது நல்ல ஏற்பாடு என்று நானும் கருதுகிறேன்.

பிளிமத்துக்குச் செல்லும் இரயில் பாதை டாலிஷ் என்னும் ஊரில் கடற்சுவரின் மேலேயே ஓடுகிறது. 2014 பிப்ரவரியில் அலைகள் அச்சுவரை உடைத்ததால் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பாதை மீண்டும் திறக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஆகவே, இரயில் ஓடவில்லை என்று மகன் சொல்வது மிகைப்பேச்சு அன்று. அங்கே வீடுகள் பெரும்பாலும் செங்கல்லாலும் கல்லாலும் காற்றைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. வீட்டுக்குள் இருக்கும்வரை நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. அலையைப் படம் எடுக்கக் கடற்சுவர்ப் பக்கம் போகவேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஏழெட்டுச் சிறிய அலைகளுக்குப் பின் வரும் ஒரு பெரிய அலை, நிற்பவர்களைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே மஞ்சள், ஆம்பர், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை தருவார்கள். சிவப்பு என்றால் அன்றைக்கு வகுப்பு இருந்தாலும் வெளியே போகாமல் இருப்பதே சரி.

கேள்வி: மலேசியாவுக்குப் புயலே வராது என்று என் தாத்தா அடித்துச் சொல்வார். 2001இல் ஜொகூரில் புயல் வந்தது என்று பள்ளி மாணவர் ஒருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி? (ரெங்கம் வாசகர்)

பதில்: உங்கள் தாத்தா சொன்னதை அக்காலத்து அறிவியலும் ஏறத்தாழ ஏற்றுக்கொண்டிருந்தது. புயல் சுழலத் தொடங்குவதற்குப் பூமியின் சுழற்சி கொடுக்கும் திருப்பம் தேவை. நிலநடுக்கோட்டில் அந்தத் திருப்பம் இல்லாமற்போகிறது. ஆகவே நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைக்குள் புயல் உருவாகாது என்பது பாடப்புத்தகக் கருத்தாக இருந்தது. குளுவாங் ஏறத்தாழ 2 பாகையில் இருக்கிறது.

அந்தக் கருத்தை உடைத்தது 2001 டிசம்பர் இறுதியில் வந்த வாமெய் புயல். அது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே, சிங்கப்பூருக்குக் கிழக்கே உருவாகி, டிசம்பர் 27ஆம் நாள் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம் ஏற்பட்டது. குனோங் பூலாய் மலையில் மண் சரிந்து உயிர்கள் பறிபோயின. இது எப்படி நடந்தது என்பதை ஆராய்ந்தவர்கள் இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்ததைச் சுட்டுகிறார்கள். வலுவான குளிர்காற்றுப் பெருக்கு ஒரு வாரத்துக்கு ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில், முதல் பதிலில் நான் குறிப்பிட்ட போர்னியோச் சுழல் நகர்ந்து வந்து தென் சீனக் கடலின் குறுகிய தென்பகுதியில் நின்றது. இருபுறமும் நிலம் நெருக்க, அந்த இடுக்கில் பெருகி வந்த காற்றே சுழலுக்குத் தேவையான திருப்பத்தைக் கொடுத்துவிட்டது. இப்படி ஒன்று நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நிகழும் என்று அவர்கள் கணித்தார்கள்.

சபாவில் அதற்கும் முன்பே, 1996 டிசம்பர் 26 அன்று, கிரெக் என்ற வெப்பமண்டலப் புயல் கெனிங்காவ் பகுதியைத் தாக்கி இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2025 நவம்பர் இறுதியில், பலரும் எதிர்பாராத மலாக்கா நீரிணையிலேயே உருவான சென்யார் புயல் சுமத்திராவில் பேரழிவை உண்டாக்கிவிட்டுத் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கும் வந்து சேர்ந்தது. எனவே, புயல் இங்கே அரிது என்று தாத்தா சொன்னதை ஏற்றுக்கொள்ளலாம். வராது என்பதை இனி ஏற்க இயலாது. ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஜொகூரில் இத்தனை ஆண்டுகளில் மக்களை மிகுதியாக வீடிழக்கச் செய்தவை பெயர் சூட்டப்பட்ட புயல்கள் அல்ல, பெயரில்லாத விடாமழைகள். புயல் வருமா என்று அஞ்சிக்கொண்டு மழையைக் கவனியாமல் இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: தமிழ்நாட்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்கிறார்கள். இங்கேயும் அதே பெயர். ஒரே மழைதானா? (பாலோ வாசகி)

பதில்: காற்றுத் தொகுதி ஒன்று, கடல் வேறு. அங்கே வங்காள விரிகுடாவிலிருந்தும் இங்கே தென் சீனக் கடலிலிருந்தும் ஈரம் வருகிறது. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்து, தை பிறப்பதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நமக்கோ நவம்பரில் கிளந்தான், திரங்கானுவில் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் பகாங்கையும் ஜொகூரையும் அடையும். வங்கக் கடல் நிலநடுக்கோட்டிலிருந்து போதிய தொலைவில் இருப்பதால், அங்கே அதே பருவத்தில் முழுமையான புயல்களும் உருவாகின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும், 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னந்தோப்புகளை முறித்துப்போட்ட கஜாவும் அத்தகையவை.

கேள்வி: நான் பால்மரம் வெட்டுபவன். மழைக்காலத்தில் பாதி நாட்கள் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போய்த் திரும்புவதாகவே இருக்கிறது. ஈர மரத்தை வெட்டினால் என்ன கெடுதல்? காற்றில் மரம் முறிவதையும் வீட்டுக் கூரை பறப்பதையும் தடுக்க வழி உண்டா? (லாயாங் லாயாங் வாசகர்)

பதில்: ஈரப்பட்டையை வெட்டினால் பால் வெட்டுக்கோட்டில் இறங்கிக் கோப்பைக்குப் போகாமல், மரத்தில் பரவி வழிந்து வீணாகும். வெட்டிய பின் மழை வந்தால் கோப்பையில் சேர்ந்ததும் போய்விடும். அதைவிடப் பெரிய கெடுதல், ஈரம் காயாத வெட்டுப்பட்டையில் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் தொற்றிக் கறுப்புக் கோடுகளாகப் பட்டை அழுகுவது. அழுகிய இடத்தில் புதுப்பட்டை சரியாக வளராததால், ஒருநாள் கூலிக்காக வெட்டியது பல ஆண்டுகளின் பாலைக் கெடுத்துவிடும். வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடைபோல் ஒட்டும் மழைக்காப்பு நல்ல பயன் தரும். சிறுதோட்டம் வைத்திருப்பவர்கள் அக்டோபரிலேயே அதனை மாட்டிவிடுவது நல்லது. மழைநாளில் வருமானம் இழக்கும் தொழிலாளியின் துன்பத்துக்கு இது முழுத் தீர்வு ஆகாது என்பதை அறிவேன். ஆனாலும் இழக்கும் நாட்களைக் குறைக்கும்.

காற்றைப் பொறுத்தவரை, கடலின் மேல் சீராக வரும் காற்று நிலத்தில் குன்றிலும் மரத்திலும் இடறி, விட்டுவிட்டு வீசும் வீச்சுகளாக உடைகிறது. மழை கொட்டும்போது மேலிருந்து கீழிறங்கும் காற்று அந்த வீச்சை இன்னும் கடுமையாக்குகிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் சலசலக்கும் மரம் 60 கிலோமீட்டரில் முறிவதற்கு இதுவே காரணம். ரப்பர் மரம் எளிதில் முறியும் தன்மையுடையது; கனத்த கவையுள்ள மரமும் வெட்டுப்பட்டு இளைத்த அடிமரமும் முதலில் போகும். மழையில் ஊறிய மண்ணில் வேரோடு சாய்வதும் உண்டு. காற்று வலுத்தால், எஞ்சியிருக்கும் மரங்களை எண்ணிப் பார்க்காமல் தோட்டத்தை விட்டு வெளியேறிவிடுங்கள்.

தகரக்கூரை பறப்பது பெரும்பாலும் டிசம்பர்க் காற்றால் அன்று, ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலை நேரத்தில் வரும் இடிமழைக் காற்றால். கூரைக்கு மேல் விரையும் காற்று அதனை மேல்நோக்கி இழுக்க, காற்றடிக்கும் பக்கத்துக் கதவும் சன்னலும் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். ஆகவே அந்தப் பக்கத்தை உடனே சாத்தவேண்டும். துருப்பிடித்த ஆணிகளை மாற்றித் திருகாணி போடுவதும், கூரைச் சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பதும் வெயில் காலத்திலேயே செய்யவேண்டியவை. தோட்டத் தொழிலாளர் வாழும் பழைய லயத்து வரிசை வீடுகளில் இது அவசரமாகத் தேவைப்படுகிறது. வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது என்றால், எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

கேள்வி: எச்சரிக்கைகளில் மஞ்சள், சிவப்பு, முதல் நிலை, இரண்டாம் நிலை என்றெல்லாம் வருகிறது. என் அம்மாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது, எனக்கும் சரியாக விளங்கவில்லை. எதைப் பார்த்து எப்போது வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும்? (குளுவாங்கிலிருந்தும் பாலோவிலிருந்தும் பலர்)

பதில்: இம்மாதக் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். மூன்று வகை எச்சரிக்கைகள் தனித்தனியே வருகின்றன. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விளங்காமல் போகிறது.

கடலுக்குரிய பலத்த காற்று, கொந்தளிப்பு எச்சரிக்கையை மலேசிய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிலைகளில் தருகிறது. காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை என்றால் முதல் நிலை. சிறு படகுகளும் கடல் விளையாட்டுகளும் ஆபத்து. 50 முதல் 60 கிலோமீட்டரும் 4.5 மீட்டர் வரை அலையும் இரண்டாம் நிலை. படகுச் சேவைகளும் மீன்பிடித்தலும் எல்லாக் கப்பல்களும் ஆபத்துக்குள்ளாகும். அதற்கும் மேல் மூன்றாம் நிலை. நம்மைப் போல் உள்நாட்டில் இருப்பவர்களுக்கு, இரண்டாம் நிலை எச்சரிக்கை வந்துவிட்டாலே வரும் நாட்களில் மழையை எதிர்பார்த்து ஆயத்தமாகலாம்.

அடுத்தது தொடர்மழை எச்சரிக்கை. இதில் மஞ்சள் நிறம் 'வாஸ்பாடா', அதாவது விழிப்பாயிருங்கள். ஆரஞ்சு நிறம் 'பூரோக்', நிலைமை மோசம். சிவப்பு நிறம் 'பஹாயா', ஆபத்து. இது மாவட்ட வாரியாக வெளியாகும். குளுவாங் என்று பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், மெர்சிங், சிகாமட் பெயர்களையும் பாருங்கள். இடிமழை எச்சரிக்கை என்று தனியே வருவது சில மணி நேரத்துக்கு மட்டும் உரியது, அது வேறு.

மூன்றாவது ஆற்று நீர்மட்டம். வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆறுகளின் மட்டத்தை இணையத்தில் நேரடியாக வெளியிடுகிறது: இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என நான்கு படிகள். என் கருத்தில், வீட்டை விட்டுக் கிளம்புவதைத் தீர்மானிக்கவேண்டியது இந்த மூன்றாவதுதான். உங்கள் தலைக்கு மேல் மழை நின்றுவிட்ட பிறகும், ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை வந்து சேர நேரம் பிடிக்கும். வெயில் அடிக்கிறதே என்று துணி உலர்த்திக்கொண்டிருந்த வீடுகளில் மாலையில் தண்ணீர் நுழைந்தது உண்டு. கடலில் காற்று வலுத்திருக்கும் நாட்களில் கடல்நீரும் கரையில் ஏறி நிற்பதால், கடல்மட்டம் ஏறும் நேரத்தில் எண்டாவ் போன்ற ஆறுகளின் முகத்துவாரத்தில் நீர் எளிதில் இறங்காது. தாழ்வான இடங்களில் வெள்ளம் தேங்கும். 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் பக்கம் மழை விட்ட பிறகும் வாரக்கணக்கில் தண்ணீர் வடியாமல் மக்கள் நிவாரண மையங்களிலேயே கிடந்ததற்கு, அந்நிலம் தாழ்ந்து சமதளமாக இருப்பதும் ஒரு காரணம்.

ஆற்று மட்டம் எச்சரிக்கைப் படியைத் தொட்டதும், முதியவர்களையும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பகல் வெளிச்சத்திலேயே மேட்டுப் பகுதிக்கு அனுப்பிவிடுங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், மருந்து ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டி முன்னரே வைத்திருக்க வேண்டும். மின் செருகிகளுக்குத் தண்ணீர் எட்டும் முன் முதன்மை விசையை அணைக்கவேண்டும். ஆட்டையும் மாட்டையும் கோயில் பொருட்களையும் நினைத்துப் பலர் கடைசிவரை இருந்துவிடுகிறார்கள். அந்த மனத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அவற்றை மேட்டுக்கு மாற்றும் வேலையை மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே செய்துவிட்டால் இரவில் படகை எதிர்பார்த்துக் கூரையில் உட்கார நேராது. சாலையில் 30 சென்டிமீட்டர் நீர் ஓடினாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். கஹாங் சாலையிலோ வேறெங்கோ ஓடும் நீரைக் கண்டால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். மீட்புக்கு 999 எண்ணை அழைக்கலாம்.

வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவும்போது காலணியும் கையுறையும் அணியுங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொண்டுவந்துவிடும். அடுத்த நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

மலாய் வாசிக்கத் தெரியாத தாய்மாருக்காக ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் வரும் எச்சரிக்கையை மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டதோடு கடமை முடிந்தது என்று பிள்ளைகள் இருந்துவிடாமல், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் போய்த் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு லயத்திலும் ஒரு இளைஞரோ இளம்பெண்ணோ இந்தப் பொறுப்பை நவம்பரிலேயே ஏற்றுக்கொண்டால், எங்கள் இதழுக்கு அதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி வேறு இல்லை.

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு டிசம்பரில் தியோமான் தீவுக்குக் குடும்பத்தோடு போகலாமா? (குளுவாங் வாசகர்)

பதில்: வேண்டாம். படகுகள் குறையும், பல தங்குமிடங்கள் மூடியிருக்கும், போனாலும் திரும்புவது உறுதியில்லை. மெர்சிங் கரையில் நின்று அலை பார்ப்பதானாலும் பிள்ளைகளை நீரில் இறக்காதீர்கள். உள்ளிழுக்கும் நீரோட்டம் முழங்கால் ஆழத்திலேயே பெரியவரையும் சாய்த்துவிடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அக்கடல் அமைதியாக இருக்கும், அப்போது போய் வாருங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குள் மழை ஓய்ந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, நம்பலாமா? (ரெங்கம் வாசகி)

பதில்: பல ஆண்டுகளில் அப்படித்தான் நடக்கிறது. ஜனவரி கடந்ததும் காற்றுகள் சேரும் மழைப்பட்டை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, சாவகம் (ஜாவாத் தீவு) பக்கம் இறங்கிவிடுவதால், அதே வடகிழக்குக் காற்று வீசினாலும் தீபகற்பத்தில் வறட்சியே மிஞ்சும். வடமாநிலங்களில் பிப்ரவரியில் புல் கருகுவதையும் காணலாம். ஆனால் ஜொகூர் தெற்கே இருப்பதால் அந்த மழைப்பட்டையின் விளிம்பிலேயே நிற்கிறது. மேலே சொன்ன 2023 வெள்ளம் பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச்சில் உச்சமடைந்தது. தைப்பூசம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. பருவக்காற்று முடிந்ததை வானிலைத் துறை பெரும்பாலும் மார்ச் மாதத்தில் முறைப்படி அறிவிக்கிறது. நாற்று நடுவதோ, கூரை பிரித்துப் பழுதுபார்ப்பதோ, அந்த அறிவிப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.